உடையார்கட்டு வரிக்கருங்காலி

சிற்றம்பலம் பெண் பார்க்கப் போன அன்றே வருங்கால மாமனாரின் பல்லைக் கழற்றிவிட்டு வந்தவன்.

வேண்டுமென்று செய்ததல்ல. முதிரை மரத்தில் பாக்கு ஒன்றைக் கடைந்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, அசல் கொட்டைப்பாக்காகவே ஆக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தான். நெளுக்குளத்து வீட்டு விறாந்தையில் வெற்றிலைத் தட்டம் வந்ததும் அதை மெதுவாக மற்றப் பாக்குகளோடு கலந்துவிட்டான். கூட வந்த சித்தப்பாதான் அதை எடுப்பார் என்பது அவன் எண்ணம். எடுத்தவரோ பெண்ணின் தகப்பன் இளையதம்பியர். பாக்குவெட்டி இரண்டு முறை வழுக்கியது. பொறுமையில்லாத மனிதர், வாய்க்குள் போட்டு ஒரே கடி.

பல் தட்டத்தில் விழுந்தது. சபை எழுந்து நின்றது. கதவுக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் அடக்கமாட்டாமல் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று சிற்றம்பலம் அந்த இடத்திலேயே முடிவெடுத்தான். இளையதம்பியரும் வாயைத் துடைத்துக்கொண்டு, "உது முந்தியே ஆடிக்கொண்டிருந்த பல்லுத்தான், போய்த் துலையட்டும்" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். அவள் பெயர் நாகேஸ்வரி.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. சிற்றம்பலத்துக்கு இருபத்தாறு வயது. பண்டத்தரிப்புப் பக்கம் பிறந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த தகப்பனோடு வன்னிக்கு வந்தவன். வயலில் இறங்கினால் கால் சேற்றில் நிற்கும், கை ஒரு தடியைச் சீவிக்கொண்டிருக்கும். இரண்டு போகம் பொறுத்துப் பார்த்த தகப்பன், "நீ நட்ட நாத்து ஆடு மேய்ஞ்ச மாதிரிக் கிடக்கு. மரத்தோடையே போய்ச் சீவியத்தை நடத்து" என்று வயலைவிட்டுக் கலைத்துவிட்டார். அவன் நேரே ஓமந்தைத் தெருவில் இருந்த இஸ்ஸதீன் முதலாளியின் மரம் அரியும் மரக்காலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே எஞ்சினில் ஓடும் பெரிய வாள் ஒன்று, கூரைக்கு றீப்பைச் சட்டம் அரிகிற சின்ன வாள் மேசை ஒன்று, மூலையில் ஒரு கடைசல் இயந்திரம். சின்ன வாளும் கடைசலும் சிற்றம்பலத்தின் பொறுப்பு. கட்டில் கால், தொட்டில் கம்பி, உரல் உலக்கை எல்லாம் கடைவான். மிஞ்சிய நேரத்தில் பகிடி கடைவான். ஒரு முறை மரத்தில் மாம்பழம் செய்து சாயம் பூசி, மரக்காலை வாசல் மாமரத்தின் உச்சிக் கிளையில் கட்டிவிட்டான். அரை நாள் கல்லெறிந்தவர் முதலாளியேதான். வீட்டில் நாகேஸ்வரியின் அடைக்கோழிக்கு ஒரு முட்டை கடைந்து வைத்தான். கோழி நாற்பது நாள் எழும்பவில்லை. இஸ்ஸதீன் அவனை வேலையிலிருந்து நிறுத்தாததற்குக் காரணம், அவன் கடைந்த கட்டில் காலில் ஒரு நூல் பிசகும் காண முடியாது என்பதுதான். தானும் கொஞ்சம் பகிடிக்காரர் என்பது இன்னொரு காரணம்.

மரக்காலைக்கு மரக்குத்தி கொண்டுவந்து இறக்குகிறவர் தில்லைநாதர். ஊரில் தில்லையர். காட்டைக் குத்தகைக்குக் கொந்தறாத்து எடுத்து மரம் தறிப்பவர். ஐம்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட வேட்டி, கக்கத்தில் குடை. உள்ளே வந்தால் கிடக்கிற பலகையையெல்லாம் குடை நுனியால் தட்டுவார்.

"இது பாலை. முத்தையன்கட்டுப் பக்கத்துப் பாலை. இது சமண்டலை, மழைக்கை தறிச்சது, வளையும். இது வேம்பு, கிணத்தடி வேம்பு."

தட்டினால் சொல்வார், மணந்தால் சொல்வார், மரத்தூளை விரலால் கசக்கினால் சொல்வார். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். மீதிக் கால்வாசியையும் அதே குரலில்தான் சொல்வார் என்பதால் எது எதுவென்று பிரிக்க முடியாது. அந்த மனிதர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி சட்டைப் பையிலேயே கிடக்கும். நாலு பேர் முன்னால் அதை எடுத்து மாட்டியதும் கிடையாது.

அறுபத்தோராம் ஆண்டு பங்குனியில் ஒரு நாள், தில்லையர் வந்து தட்டிவிட்டுப் போன பிறகு சிற்றம்பலம் சொன்னான்:

"முதலாளி, இந்த மனுசனை ஒருக்கா 'தெரியாது' எண்டு சொல்ல வைக்கிறன், பாருங்கோ."

"உன்னாலை ஏலாது," என்றார் இஸ்ஸதீன். "அவர் செத்தாலும், தன்னை எரிக்கிற விறகு என்ன மரமெண்டு சொல்லிப்போட்டுத்தான் எரிவார்."

அங்கேயே பந்தயம் பிறந்தது. சிற்றம்பலம் வென்றால், அடுப்புக்குப் போகிற கருங்காலி, முதிரைத் துண்டுகள் முழுக்க இனி அவனுக்கு. தோற்றால்?

"தோத்தால், ஒரு மாசம் உன்ரை வாயிலையிருந்து பகிடியும் வரக்கூடாது, பகிடியைப் பற்றின கதையும் வரக்கூடாது."

சிற்றம்பலம் ஒரு மாசத்தை விரலில் எண்ணிப் பார்த்தான். ஆனாலும் கை கொடுத்தான்.

காட்டில் உள்ள எந்த மரத்தைக் காட்டினாலும் மனிதர் பேர் சொல்லிவிடுவார். ஆகவே காட்டில் இல்லாத மரம்தான் வேண்டும். கருங்காலிக் கறுப்பையும் முதிரை மஞ்சளையும் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி, அந்த அடுக்கைக் கடைந்து ஒரு செம்பு ஆக்கினால் எப்படி இருக்கும்? வேங்கையின் முதுகுபோல வரி ஓடும். கடவுளே பார்த்தாலும், 'இதை எப்ப படைச்சனான்?' என்று யோசிப்பார்.

வளையத்துக்குப் பன்னிரண்டு துண்டு. தோடம்பழச் சுளை மாதிரி, வெளிப்பக்கம் அகன்று உள்பக்கம் ஒடுங்கிய துண்டுகள். விரல் நீளத் துண்டை வெறுங்கையால் வாளுக்குக் கொடுத்தால், வாள் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் துண்டை வாளுக்குக் கொண்டுபோக ஒரு வண்டில் செய்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி பள்ளிக்குத் தொழப் போவார், வேலை நிற்கும். சின்ன வாள் அந்த இரண்டு மணித்தியாலமும் அவனுடையது.

வண்டில் என்றால் சில்லில்லாத வண்டில். ஒரு தட்டையான பலகை. அடியில் இரண்டு பக்கமும் முதிரைச் சட்டம் அறைந்து, வாள் மேசையின் இரு விளிம்பையும் அது கவ்விக்கொண்டு முன்னும் பின்னும் வழுக்கும்படி செய்தான். சட்டத்துக்குத் தேன்மெழுகு பூசினான். பலகையின் நடுவே வாள் கிழித்துக்கொண்டு வர ஒரு பிளவு. பலகைக்கு மேலே சரிவாக ஒரு தடி. வெட்ட வேண்டிய சட்டத்தைத் தடியோடு அணைத்துப் பிடித்து வண்டிலைத் தள்ளினால், கை தூரத்தில் நிற்கும், வாள் சரிவாக வெட்டும். சட்டத்தைப் புரட்டிப்போட்டு மறுபடி தள்ளினால் சுளை ஒன்று விழும்.

பன்னிரண்டு சுளை விழுந்ததும் நிலத்தில் வட்டமாக வைத்துப் பார்த்தான். பதினொன்று அழகாகக் கைகோத்து நின்றன. பன்னிரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இடையில் சுண்டுவிரல் போகும் இடைவெளி.

தடியை ஒரு மயிர் திருப்பினான். மறுபடி பன்னிரண்டு. இப்போது கடைசிச் சுளை உள்ளே நுழையவே மாட்டேன் என்றது. அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஒரு சுளைக்கு இரண்டு வெட்டு, பன்னிரண்டு சுளைக்கு இருபத்துநாலு வெட்டு. ஒரு வெட்டில் மயிரளவு பிசகினால் இருபத்துநாலாவது வெட்டில் விரலளவு. ஊரையெல்லாம் ஏமாற்றியவனை ஒரு தடி ஏமாற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வெள்ளி அவன் வாளைத் தொடவேயில்லை. கயிற்றில் வெண்கட்டி கட்டி, மரக்காலையின் சீமெந்து நிலத்தில் ஆறடி அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டான். அதே கயிற்று நீளத்தால் வட்டத்தைச் சுற்றி அளந்தால் சரியாக ஆறு முறை வரும். அது சில்லுச் செய்கிற எந்த ஆசாரிக்கும் தெரிந்த கணக்கு. ஆறையும் பாதியாக்கினான், பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கின் கூர்ப்பை அப்படியே ஒரு பாலைப் பலகையில் எடுத்து, அராவி அராவி ஆப்பு ஒன்று செய்தான். வட்டம் பெரிதென்பதால் பிசகு சின்னதாகப் போயிற்று.

நாலாம் வெள்ளிதான் அந்தக் குறும்பு யோசனை வந்தது. வண்டிலில் ஒரு தடிக்குப் பதில் இரண்டு தடி. இரண்டுக்கும் நடுவில் ஆப்பை வைத்து, ஆப்பின் இரு பக்கத்தையும் தொடும்படி தடிகளை ஆட்டுக் கொம்புபோல விரித்து இறுக்கினான். ஆப்பை எடுத்துவிட்டு, சுளையின் ஒரு முனையை முதல் தடியில் அணைத்து வெட்டினான்; மறு முனையை இரண்டாம் தடியில் அணைத்து வெட்டினான். ஒரு தடி கொஞ்சம் களவெடுத்தால் மற்றத் தடி அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு கள்ளரையும் ஒரே கயிற்றில் கட்டியாயிற்று. நீளம் மாறாமல் இருக்க ஒரு நிறுத்துக்கட்டையும் வைத்தான்.

பன்னிரண்டு சுளையையும் வட்டமாக வைத்தான். நுளம்பின் கால் போகவும் இடமில்லை. தனியாக நின்று ஒரு கூத்து ஆடினான். தொழுதுவிட்டு வந்த இஸ்ஸதீன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பைத்தியமோ?"

"இல்லை முதலாளி, கருங்காலி."

பதினொரு வளையம் வெட்டி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டிக் காயவைத்தான். செங்கல் அடுக்குவதுபோல வளையங்களை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி அடுக்கினான். கடைந்தபோது கறுப்பும் மஞ்சளும் சுழன்று கலந்து தேன் நிறமாக ஓடின. இயந்திரம் நின்றதும் வரிகள் பாய்ந்து எழும்பின. தேன்மெழுகு போட்டுத் தேய்த்தான். கிட்டக் கொண்டுபோய், கண்ணாடியும் போட்டுப் பார்த்தால்தான் ஒட்டுத் தெரியும்.

தில்லையர் வந்தார். மரக்காலை ஆட்கள் எல்லாரும் தற்செயலாக நிற்பதுபோல் வந்து நின்றார்கள். சிற்றம்பலம் செம்பை இரண்டு கையாலும் கொடுத்தான்.

"அண்ணை, உங்களிட்டைத்தான் கேக்க வேணும். இது என்ன மரம்?"

தில்லையர் வாங்கினார். நகத்தால் சுண்டினார். மணந்தார். தூரப் பிடித்தார், இன்னும் தூரப் பிடித்தார். கண்ணாடி பைக்குள்ளேயே இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டதால் மாமரத்தில் அணில் கத்துவதுகூடக் கேட்டது. சிற்றம்பலம் அவர் வாயையே பார்த்தான். சொல்லப் போகிறார்... இதோ...

"இது..." என்றார் தில்லையர். "இது வரிக்கருங்காலி."

யாரோ இருமினார்கள்.

"எங்கையண்ணை நிக்கிறது?"

"உடையார்கட்டுக்கு உள்ளுக்கை. தண்ணிக் கரையிலைதான் வரும். நூறு வருசத்துக்கு ஒரு வரி விழும். நீங்கள் சின்னப் பொடியள், கண்டிருக்க மாட்டியள். நான் முந்தி ரெண்டு தறிச்சனான்."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பகிடி வென்றுவிட்டது, பந்தயம் தோற்றுவிட்டது. இஸ்ஸதீன் அவனைப் பார்த்து ஒரு விரலை வாயில் வைத்துக் காட்டினார். பிறகு தில்லையர் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்:

"அப்ப எனக்கு ரெண்டு குத்தி இறக்கித் தாங்கோ."

செம்பு முதலாளி கணக்கெழுதும் கந்தோர் அலுமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் ஏறியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் தூர நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாளில் வரிக்கருங்காலியைத் தெரியாதவர் ஊரில் இல்லை. ஒருவர் தன் பாட்டன் அதன் நிழலில் படுத்தவர் என்றார். இன்னொருவர் அதன் பட்டையை அவித்துக் குடித்தால் வாதம் போகும் என்றார். மாங்குளத்தார் ஒருவர் தன் வளவிலேயே ஒரு கன்று நிற்பதாகச் சொன்னார். சிற்றம்பலம் நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஒரு நாள் அடக்கமாட்டாமல் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து சிரித்துவிட்டு வந்தான்.

"குத்தி எங்கை?" என்று இஸ்ஸதீன் ஒவ்வொரு கிழமையும் கேட்டார். முதலில் தில்லையரின் மாட்டுக்குக் கால் நொந்தது. பிறகு காட்டுப்பாதை சரியில்லை. பிறகு யானை. சாட்டுகள் முடிந்ததும் மனிதர் இரண்டு வேலையாட்களோடு வண்டில் கட்டிக்கொண்டு உண்மையாகவே உடையார்கட்டுப் பக்கம் புறப்பட்டுவிட்டார்.

ஐந்து நாள் கழிந்தது. தில்லையரின் மனைவி பத்மாசனி நெளுக்குளத்தில் சிற்றம்பலம் குடியிருந்த வீட்டுக்கு வந்து நாகேஸ்வரியிடம் கண் கலங்கினாள். சிற்றம்பலம் வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசல் படலையிலேயே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் யானைக் காட்டுக்கை இல்லாத மரத்தைத் தேடிக்கொண்டு திரியுது. அப்பற்றை பல்லோடை நிப்பாட்டியிருக்கக்கூடாதே?"

"நானோ சொன்னனான் மரம் நிக்குதெண்டு? அவரெல்லோ சொன்னவர்!"

"இல்லையெண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

"பந்தயத்துக்கு வாய் மூடின மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள் கிடக்கு."

நாகேஸ்வரி உள்ளே போய் அவனுடைய வேட்டி சால்வையை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். விடிய முதல் பஸ்ஸில் உடையார்கட்டுக்குப் பக்கத்துப் புதுக்குடியிருப்புக்குப் போய் ஆளைத் தேடிக் கூட்டிவர வேண்டும் என்பது அதன் பொருள். அன்றைக்கு அவள் சமைத்த கறியில் உப்பே இல்லை. அது தற்செயலல்ல என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் விடியற்காலை அவன் செருப்பு மாட்டும்போது படலையடியில் தில்லையரே நின்றார். வேட்டி முள் கிழித்துக் கிடந்தது. கால் முழுக்க உண்ணிக்கடி. மூக்கில் கண்ணாடி இருந்தது. நாகேஸ்வரி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

தில்லையர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சிற்றம்பலம், அந்த மரம் எனக்குத் தெரியாது."

சிற்றம்பலம் கேட்க ஏங்கிய சொல் அதுதான். ஆனால் பிறவிக்குணம் விடுமா?

"என்னண்ணை? எஞ்சின் சத்தத்திலை நிண்டு நிண்டு காது கொஞ்சம் மந்தம்."

"தெரியாதெண்டுறன்."

"ஆருக்கண்ணை?"

"எனக்கடா! எனக்குத் தெரியாது! நாப்பது வருசமாக் காடு திரியிறன், அப்பிடி ஒரு மரத்தைக் கண்ணாலை கண்டதில்லை. போதுமோ?"

குசினிக்குள் அகப்பை சட்டியில் இடிக்கிற சத்தம் எச்சரிக்கையாகக் கேட்டது. சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கிழிந்த வேட்டியைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு மட்டுமில்லையண்ணை. அப்பிடி ஒரு மரமே இல்லை. வாங்கோ, காட்டுறன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. முதலாளி தொழப் போனதும் இருவரும் வாளடியில் நின்றார்கள். சிற்றம்பலம் வண்டிலைத் தள்ளினான். ஒரு சுளை விழுந்தது. தில்லையர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தள்ளு, விலகு" என்று தானே வண்டிலைப் பிடித்தார். மீதிப் பதினொன்றையும் அவரே வெட்டினார். நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக வைத்தார். கடைசிச் சுளை தட்டென்று உட்கார்ந்ததும் நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏசுவார் என்று சிற்றம்பலம் காத்திருந்தான்.

"இந்த முதிரை எப்ப அரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

"தையிலை."

"ம்," என்று எழும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை தில்லையர் மரக்காலைக்கு வந்த வரத்தைப் பார்க்க வேண்டும். புது வேட்டி. கையில் குடை. வாசலிலேயே சிரிப்பு.

"முதலாளி! நானும் சிற்றம்பலமும் சேந்து ஊரையே எப்பிடி ஆட்டினம் பாத்தியளோ? வரிக்கருங்காலியாம்! மாங்குளத்தான்ரை வளவிலை கன்று நிக்குதாம்! செம்பைக் கையிலை வாங்கின உடனை ஒட்டு வேலையெண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. சரி, பொடியன்ரை பகிடியை ஏன் கெடுப்பானெண்டு ஒரு பேர் வைச்சுவிட்டன். காட்டுக்குப் போனது வேறை ஒரு அலுவலாய்."

ஆட்கள் ஆரவாரித்தார்கள். இஸ்ஸதீன் சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் வாயைத் திறந்தான். பந்தயத் தவணை முடிய இன்னும் ஐந்து நாள். வாயை மூடினான். ஒரு பகிடிக்காரன் வாழ்க்கையில் அதைவிட நீண்ட ஐந்து நாள் இருக்க முடியாது.

ஆறாம் நாள் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே முதலாளியிடம் ஓடினான்.

"அவர் தெரியாதெண்டு சொன்னவர் முதலாளி! மூண்டு தரம் சொன்னவர்!"

"சாட்சி ஆர்?"

"நான்தான்."

"மரத்திலை மாம்பழம் கட்டினவன்ரை சாட்சி எந்த நீதவான் கோட்டிலையடா நிக்கும்?"

"நாகேஸ்வரி குசினிக்கை நிண்டவள். அவளைக் கேளுங்கோ!"

கேட்டார்கள். நாகேஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பச்சைப்பிள்ளை முகத்தோடு சொன்னாள்: "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. நான் சம்பல் இடிச்சுக்கொண்டிருந்தனான்."

நாற்பது நாள் அடைகிடந்த கோழிக்கு அவள் பழிவாங்கியதாக இஸ்ஸதீன் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் கருங்காலித் துண்டுகளைச் சிற்றம்பலத்துக்கே கொடுத்தார். வேறு யாருக்கும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

வைகாசி வெயிலில் அலுமாரிக்குள் இருந்த செம்பு 'டிக்' என்று வெடித்து, மூன்று வளையம் பிளந்தது. சிற்றம்பலம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். தில்லையர் வந்து பார்த்தார். இந்த முறை எல்லார் முன்னாலும் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"தையிலை அரிஞ்ச முதிரை. உள்ளீரம் போகேல்லை. கருங்காலி அசையாது, முதிரை சுருங்கும். பிறகு வெடியாமல் என்ன செய்யும்? நீ வெட்டக் கெட்டிக்காரன், மரத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

அது உண்மை என்று சிற்றம்பலத்துக்கே பட்டது. அன்றிலிருந்து துண்டு தெரிந்தெடுப்பது தில்லையர், வெட்டுவது சிற்றம்பலம் என்று ஆயிற்று. இருவரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. கிடைத்த துண்டில் பாதியைத் தில்லையர் கழித்துப்போடுவார். சிற்றம்பலம் அதையே திரும்பப் பொறுக்கிக் கலந்துவிடுவான். அவர் கண்டுபிடித்து எறிவார். செம்பு, குங்குமச் சிமிழ், விளக்குத் தண்டு என்று வருடத்துக்கு ஐந்தாறு பண்டம் வெடிக்காமல் வெளியே வந்தன.

அறுபத்தாறில் இஸ்ஸதீன் முதலாளியின் மகள் ஜொஹறாவுக்குக் கலியாணம். பழம் வைக்க ஒரு பெரிய தட்டம் செய்வதென்று இருவரும் தீர்மானித்தார்கள். பெரிய வட்டத்துக்குப் பன்னிரண்டு சுளை போதாது, இருபத்துநாலு வேண்டும், அதற்கு ஆப்பைப் பாதியாக்க வேண்டும் என்றான் சிற்றம்பலம். பதினெட்டுத்தான் வடிவு என்றார் தில்லையர். ஒரு கிழமை கதை பேச்சில்லை. பிறகு இஸ்ஸதீன் வந்து, "கலியாணம் வாற வியாழன்" என்று ஞாபகப்படுத்தினார். இருபத்துநாலாகவே வெட்டினார்கள்.

தட்டம் மூன்றடி அகலம் வந்தது. மரக்காலைக் கதவால் வெளியே எடுக்கவே சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கலியாண வீட்டுப் பந்தலுக்குள் சிற்றம்பலம் ஒரு பக்கமும் தில்லையர் மறுபக்கமும் தூக்கிக்கொண்டு, "மெதுவா", "நீங்கள் மெதுவா", "காலைப் பார்", "நீங்கள் உங்கடை காலைப் பாருங்கோ" என்று ஒருவரை ஒருவர் ஏசியபடியே நடந்தார்கள். தட்டத்தில் வைக்க வாழைக்குலையோடு பின்னால் வந்த ஆட்கள், இந்தச் சண்டை முடியட்டும் என்று வழியிலேயே நின்றுவிட்டார்கள்.